லேத் இல்லாமல் ஷேவிங் பிரஷுக்கு மரக் கைப்பிடி: துளை, மரம், பூச்சு

#1 புதுஉளி

வணக்கம். 24 மி.மீ. செயற்கை இழை முடிக்கொத்து ஒன்று தனியாக இருக்கிறது. அதற்கு மரத்தில் கைப்பிடி செய்ய வேண்டும். லேத் கிடையாது. மேஜை வைஸ், ரம்பம், மின் கைடிரில், முக்கால் அங்குல உளி, ராஸ்ப் அரம், அரைவட்ட அரம், உப்புத்தாள். கருவிகள் இவ்வளவுதான். தேக்கு, வேங்கை, பலா, புளியமர வைரம் நான்கும் 40 மி.மீ. சதுரத்தில் ஓரடி நீளத் துண்டுகளாக இருக்கின்றன.

எந்த மரம் எடுப்பது? முதலில் உருவமா, துளையா? துளைக்கு என்ன அகலம், என்ன ஆழம்? தினமும் சோப்பும் வெந்நீரும் படுகிற பொருளுக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

#2 அரமும்வாளும்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கும். துளைதான் முதலில். கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

சதுரக் கட்டையை வைஸ் ஆடாமல் அசையாமல் பிடிக்கும். உருட்டி வளைத்த பிறகு அதைப் பிடிக்கவும் வழியில்லை, செங்குத்து பார்க்கவும் பக்கமில்லை. துளை 2 பாகை சாய்ந்தாலே 50 மி.மீ. உயரத்தில் முடியின் நுனி கிட்டத்தட்ட 2 மி.மீ. ஒருபக்கம் போய்விடும். கண்ணுக்கு அது உடனே தெரியும். துளையை முதலில் போட்டுவிட்டால் அது கொஞ்சம் விலகியிருந்தாலும் கவலையில்லை. துளையின் அச்சையே நடுவாக வைத்து உருவத்தைச் செதுக்கிக்கொள்ளலாம், வெளியே ஒன்றும் தெரியாது.

அடுத்தது நீளம். கைப்பிடி 55 மி.மீ. என்றால் கட்டையை 55க்கு அறுக்காதீர்கள், 120 மி.மீ. வையுங்கள். கீழே மிஞ்சும் 65 மி.மீ. வைஸில் கடிக்கக் கொடுக்கும் பிடிகட்டை. உருவம் முழுதும் முடிந்து உப்புத்தாளும் போட்ட பிறகுதான் அதை அறுத்து எடுப்பது. கையால் செய்கிறவர்கள் சிரமப்படுவதெல்லாம் சின்னத் துண்டைப் பிடிக்க வழியில்லாமல்தான். பிடிகட்டை விட்டால் பாதிச் சிரமம் போய்விடும்.

துளை போடும் முறை: மேல் முகத்தை மூலைமட்டம் வைத்து நான்கு பக்கத்துக்கும் செங்குத்தாக இழைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டால் நடு கிடைக்கும். கைடிரிலில் போர்ஸ்னர் பிட்டை (தட்டையான அடியோடு அகலத் துளை போடும் பிட்) நேராக மரத்தில் வைத்தால், நார் முனைகள் மேலே பார்த்து நிற்கும் முகத்தில் அது துள்ளும், பக்கவாட்டில் ஓடும். அதனால் 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஒரு வழிகாட்டிப் பலகை செய்யுங்கள். நடுவில் அதே பிட்டால் ஒரு துளை. அடியில் 40 மி.மீ. கட்டை உட்காரும்படி நான்கு ரீப்பர்களை ஒட்டினால் குல்லா போலக் கட்டையின் தலையில் மாட்டிக்கொள்ளும். இந்தப் பலகையில் போடும் துளை மட்டும் நேராக இருக்க வேண்டும். பக்கத்துப் பட்டறையில் நிலை டிரில் இருந்தால் அந்த ஒரு துளையை அங்கே போட்டுக்கொண்டு வரலாம்.

வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் போதும். 3 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். அப்படி எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனால் துளையின் அடி கருகும். கருகின மரம் கண்ணாடிபோல் மூடிக்கொள்ளும், பசை பிடிக்காது. கருகிவிட்டால் உளியால் சுரண்டி, 80 எண் உப்புத்தாளால் உரசிச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆழத்துக்குப் பிட்டின் தண்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்தால் போதும்.

தட்டைவாய் பிட் வேண்டாம். அதன் நடுமுள் நீளமானது, அடியில் தேவையில்லாத குழி விழும். அது போதாதென்று விளிம்பையும் பிய்க்கும்.

#3 நுரைக்கிண்ணம்

துளைக்குப் போகும் முன் முடிக்கொத்தை அளந்து பாருங்கள். 24 என்று எழுதியிருப்பதை நம்பி 24 மி.மீ. துளை போடக்கூடாது. முடியின் அடியில் பிசின் கட்டியாக உறைந்திருக்கும் அடிக்கட்டை ஒன்று உண்டு. காலிப்பரால் அதை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். 23.5 முதல் 24.5 வரை எதுவும் வரலாம். சிலதில் அடிப்பக்கம் ஒடுங்கியிருக்கும், சிலதில் பிசின் வழிந்து ஒரு பக்கம் புடைத்திருக்கும். புடைப்பை அரத்தால் தேய்த்துவிடலாம். முடியின் மேல் அரம் படக்கூடாது.

உங்களுக்கு வந்த பெரிய அளவோடு அரை மி.மீ. கூட்டினால் துளை அளவு. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் இறுக்கமான துளையில் பசைக்கு இடமிருக்காது. உள்ளே அடைபட்ட காற்று கொத்தை மேலே தள்ளும். மரம் ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கும்போது விளிம்பு வெடிப்பதற்கும் அந்த இறுக்கமே காரணமாகும்.

ஆழத்தைத் தீர்மானிப்பது வெளியே எவ்வளவு முடி நிற்க வேண்டும் என்பதுதான். கொத்தின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, அதோடு 2 முதல் 4 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். 24க்கு 50 முதல் 52. இதற்குமேல் விட்டால் முடி தொளதொளவென்று முகத்தில் படுத்துவிடும், சோப்பைக் கிளற பலம் வராது. இதற்குக் கீழே இறக்கினால் விறைத்துக் குத்தும். பன்றிமுடி என்றால் கணக்கு வேறு. அது ஊறினால் துவளும், நாளாக நாளாக நுனி பிளந்து மென்மையாகும், 55க்கு மேலும் விடலாம்.

கணக்கு இப்படி: கொத்தின் மொத்த உயரம் 65, வெளியே வேண்டியது 52 என்றால் துளை 13 மி.மீ. அடிக்கட்டை 11 மி.மீ. என்றால் 2 மி.மீ. முடியும் உள்ளே போகும். அதுவே சரி. அடிக்கட்டையின் விளிம்பு வெளியே தெரியக்கூடாது. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் பிசின் உள்ளே மேடாக ஏறியிருக்கும், விரலால் முடியை அமுக்கிப் பார்த்தால் கடினமாகத் தட்டுப்படும். அந்த மேட்டையும் உள்ளே புதைக்கப் பார்த்து 6, 7 மி.மீ. முடியை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முடி விரியாமல் விளக்குமாறு மாதிரி நிற்கும்.

#4 மரநார்

மரத்துக்கு வருவோம். முதல் கைப்பிடிக்குத் தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, அசைவும் குறைவு. பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், ஆரத்தின் போக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். நார் ஓடும் திசையில் சுருக்கம் மிகமிகச் சொற்பம். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம். வட்டமாகப் போட்ட துளை ஈரம் மாற மாற லேசாக நீள்வட்டமாகும். மேலே அரை மி.மீ. இடம் விடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

வேங்கை அழகான மரம்தான், ஆனால் தண்ணீரில் சாயம் இறங்கும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறுவது தெரிந்ததுதானே. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நுரையில் நிறம் வரும். பலாவிலும் மஞ்சள் சாயம் உண்டு, கட்டையும் கொஞ்சம் மெது. புளியமர வைரம் கல் மாதிரி. அடர்த்தி நல்லது, கையில் எடை வரும். ஆனால் ராஸ்ப் வழுக்கும், நாரும் முறுக்கிப் போகும். இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரமானாலும் நடுச்சோறு, அதாவது மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி, உள்ள துண்டு வேண்டாம். தலைமுகத்தில் வளையங்கள் முழுவட்டமாகத் தெரிந்தால் சோறு உள்ளே இருக்கிறது என்று பொருள், அது இன்றோ நாளையோ வெடிக்கும். வளையங்கள் ஒரே பக்கம் வளைந்த வில் மாதிரித் தெரிய வேண்டும். வெளிறும் வைரமும் கலந்த துண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

உலர்ந்ததா என்று தெரிய ஈரமானி தேவையில்லை. கட்டையை 120 மி.மீ. அளவுக்கு அறுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். தேக்கில் அந்த அளவுத் துண்டு 130 கிராம் வாக்கில் இருக்கும். அடுத்தடுத்து மூன்று வாரம் 1 கிராம்கூட மாறவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். காத்திருக்கும்போது இரண்டு தலைமுகத்திலும் மெழுகோ பெயின்டோ தடவி வையுங்கள். தண்ணீர் நார் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதல் வெடிப்பும் விழும்.

#5 கடைசல்பட்டறை

லேத் வைத்திருக்கிறவன் என்றாலும் #2ல் சொன்னதோடு ஒத்துப்போறேன். கடைசலிலும் துளைதான் முதல்ல, அப்புறம் அந்தத் துளையைக் குச்சியில் ஏற்றித்தான் வெளிப்பக்கம் கடையறோம்.

விட்டுப்போன ஒண்ணு: துளையைச் சுத்தி நிக்கிற சுவர். 24.5 துளைக்குச் சுவர் 4 மி.மீ., அதாவது கழுத்துக்கு மேலே விளிம்பு 32.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 3 மி.மீ. சுவர் கருங்காலி, ஈட்டி மாதிரி கட்டையில நிக்கும், தேக்குல பயமில்லாம விட முடியாது. இடுப்பை ஒடுக்கறப்போ துளையோட அடி எங்க இருக்குன்னு பென்சில்ல வெளிப்பக்கம் கோடு போட்டு வைங்க. 13 ஆழத்துக்கு 13, அதுக்குக் கீழே இன்னும் 6 மி.மீ. கட்டி மரம், அதுக்குப் பிறகுதான் இடுப்பு. அவசரப்பட்டு மேலேயே ஒடுக்கினா அரம் துளைக்குள்ள எட்டிப் பார்க்கும்.

இன்னொண்ணு. கட்டையில போல்ட் மாட்டி அதைக் கைடிரில்லயே சுத்தவிட்டு அரம் புடிக்கிற வித்தை வீடியோவுல பார்த்திருப்பீங்க. 40 மி.மீ. சதுரக் கட்டையை அப்படிச் சுத்தாதீங்க. மூலை அடிக்கும், டிரில்லோட பேரிங் பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செஞ்சதில்ல. கையால உருட்டி முடிச்ச பிறகு கடைசி உப்புத்தாளுக்கு மட்டும்னா சரி, அதுவும் மெதுவான வேகத்துல.

#6 புதுஉளி

நன்றி அண்ணன்மாரே. அளந்தேன். அடிக்கட்டை மேலே 24.3, கீழே 23.8, உயரம் 11, மொத்தம் 66. கையில் 25 மி.மீ. போர்ஸ்னர்தான் இருக்கிறது. 0.7 இடைவெளி அதிகமா?

அப்புறம், சதுரத்தை வட்டமாக்கும் வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். அரத்தால் உருட்டினால் உருளைக்கிழங்கு மாதிரி வருமோ என்று பயம்.

#7 அரமும்வாளும்

25 தாராளமாகப் போடலாம். எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். விளிம்பு 33 மி.மீ. வையுங்கள். ஆழம் 14.

உருளைக்கிழங்கு வருவது நேரே வட்டத்துக்குத் தாவுவதால். கையால் வட்டம் கொண்டுவர ஒரே வழி பட்டைகளை எண்ணிக்கொண்டு போவதுதான்: 4, 8, 16, பிறகு வட்டம்.

எட்டுப் பட்டைக்குக் கோடு: 40 மி.மீ. பக்கத்தில் இரண்டு ஓரத்திலிருந்தும் 11.7 மி.மீ. உள்ளே தள்ளி நீளவாட்டில் கோடு. நான்கு பக்கத்திலும் சேர்த்து எட்டுக் கோடு. எந்த அளவுக் கட்டைக்கும் பக்கத்தை 7:10:7 என்று பிரித்தால் இதே இடம்தான் வரும், கால்குலேட்டர் வேண்டாம். கோட்டுக்குக் கோடு மூலையை ராஸ்பால் வெட்டி எடுங்கள், இழைப்புளி இருந்தால் இன்னும் சுலபம். எட்டுப் பட்டையும் ஒரே அகலமா என்று காலிப்பர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இங்கே விட்ட பிழையைப் பின்னால் திருத்த முடியாது.

இப்போதே 16 பட்டைக்குப் போகாதீர்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில். எட்டுப் பட்டையாக இருக்கும்போதே இடுப்பை இறக்க வேண்டும். அட்டையில் பாதி உருவத்தை வெட்டிக்கொண்டு எட்டுப் பட்டையிலும் வைத்து வரையுங்கள். இடுப்பின் ஆழமான இடத்தில் சுற்றிலும் ரம்பத்தால் ஒரு வெட்டு, கோட்டுக்கு 1 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். அந்த வெட்டை நோக்கி மேலிருந்து ஒரு சரிவு, கீழிருந்து ஒரு சரிவு. இடுப்பு எட்டுப் பட்டையோடு இறங்கின பிறகுதான் எட்டு மூலையையும் தட்டிப் பதினாறு.

திசை: எப்போதும் பருத்த இடத்திலிருந்து ஒடுங்கின இடத்துக்கு. மலையிலிருந்து இறங்குவது மாதிரி. ஏறுமுகமாக அரம் ஓட்டினால் நார் பிளந்து உள்ளே போகும், அந்தக் குழி உப்புத்தாளுக்கு அடங்காது. இடுப்பின் பள்ளத்துக்கு அரைவட்ட அரத்தின் வளைந்த பக்கம். அரம் ஒரே இடத்தில் நிற்காமல், முன்னே தள்ளும்போதே பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பதினாறு முடிந்ததும் 80 எண் துணி உப்புத்தாளை 25 மி.மீ. பட்டையாகக் கிழித்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, ஷூ துடைப்பதுபோல் இழுங்கள். கட்டையைக் கால் சுற்று திருப்பித் திருப்பி வைஸில் மாட்டிக்கொள்ளுங்கள். மூலைகள் தானாகக் கரையும். அதன் பிறகு 120, 180, 240, 320 எல்லாம் நார் ஓடும் திசையில் மட்டும். குறுக்குக் கோடு பூச்சுக்குப் பிறகுதான் பளிச்சென்று தெரியும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள், படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். 320ல் அதை எடுத்துவிட்டால் பின்னால் தண்ணீர் பட்டுச் சொரசொரக்காது.

அளவு கேட்டீர்களானால்: மொத்த உயரம் 55, விளிம்பு 33, இடுப்பு 24, கீழ் வயிறு 36, தரையில் உட்காரும் வட்டம் 30. இடுப்பில் பெருவிரலும் இரண்டு விரலும் வந்து உட்கார வேண்டும். வயிற்றை 40 முழுக்க வைக்க வேண்டாம், ஈரக் கையில் சுற்றும்.

பிடிகட்டையை அறுத்த பிறகு அடிமுகத்தை நடுவில் ஒரு மி.மீ. குழித்துவிடுங்கள். ஓர வட்டம் மட்டும் தரையைத் தொடும், ஆடாது, கீழே தேங்கும் தண்ணீரும் முகம் முழுக்கப் படாது.

#8 நுரைக்கிண்ணம்

துளையின் உள்விளிம்பில் அரை மி.மீ. சாய்வாக எடுத்துவிட வேண்டும். கூரான விளிம்பு நாள்பட முடியை அறுக்கும். பசை பிதுங்கி அந்தச் சாய்வில் நின்றால் அதுவே தண்ணீருக்கு அடைப்பாகவும் இருக்கும்.

#9 வார்னிஷ்வாசம்

பூச்சு. எது வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அரக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். நாற்காலிக்கு அது ராஜா, இங்கே உதவாது. சோப்பு நுரை காரத்தன்மை உள்ளது, அரக்கு காரத்தில் கரையும். முகத்துக்குப் பூசும் ஆஃப்டர் ஷேவ் கை பட்டாலும் அதிலுள்ள ஆல்கஹாலில் கரையும். வெந்நீரில் வெளுத்துப்போகும். மெழுகு மட்டும் பூசுவது ஒரு வாரத்துக்குக்கூட வராது.

கையால் செய்கிறவருக்கு எளிது எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் அல்லது படகுக்குப் பூசும் ஸ்பார் வார்னிஷ். தேக்கு என்பதால் முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் மேல் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முதல் பூச்சு. இல்லாவிட்டால் நாள்கணக்கில் பிசுபிசுவென்று காயாமல் கிடக்கும். முதல் பூச்சு வார்னிஷும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி. அது உள்ளே இறங்குவதற்கு. அடிமுகத்தில் நார் முனைகள் குடித்துக்கொண்டே இருக்கும், குடிப்பது நிற்கும்வரை அங்கே மட்டும் மூன்று நான்கு தடவை தடவுங்கள். அதன்பின் கெட்டியாக ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 24 மணி நேரம், 400 எண் தாளால் லேசான உரசல், தூசி துடைப்பு. தேக்கின் நுண்துளைகள் பெரியவை, மூன்றாவது பூச்சுவரை மேற்பரப்பு ஊசி குத்தினதுபோல் தெரிவது இயல்பு.

பிடித்துக்கொள்ள: துளைக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு குச்சியில் டேப் சுற்றிச் செருகி, அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு பூசுங்கள். துளைக்குள் வார்னிஷ் போகக்கூடாது, பசை மரத்தைப் பிடிக்க வேண்டும், வார்னிஷை அல்ல.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். தொட்டால் காய்ந்தது மாதிரித்தான் இருக்கும், ஆனால் உள்ளே முழுக்க இறுகியிருக்காது. அதற்குள் வெந்நீர் பட்டால் பால் நிறத்தில் மங்கும்.

சூப்பர் குளூவைப் பூச்சாகப் பூசுகிற வழியும் உண்டு. கண்ணாடிபோல் பளபளப்பு, 8 முதல் 12 மெல்லிய பூச்சு. ஆனால் சுற்றும் லேத்தில்தான் அது சமமாகப் பரவும், நின்ற கட்டையில் திட்டுத்திட்டாக வரும். பருத்தித் துணியால் தொடாதீர்கள், சூடேறிப் புகையும்.

#10 எண்ணெய்க்கை

இவ்வளவு பிளாஸ்டிக் எதற்கு? டங் எண்ணெய் நான்கைந்து தடவை ஊறவிட்டால் மரம் மரமாகவே இருக்கும், கைக்கும் வழுக்காது. கீறல் விழுந்தால் மறுபடி ஒரு துளி தேய்த்தால் போயிற்று. வார்னிஷ் ஒரு இடத்தில் உரிந்தால் மொத்தமும் உரிக்க வேண்டும்.

#11 வார்னிஷ்வாசம்

கைக்கு இதமாக இருக்கும், பழுது பார்ப்பதும் சுலபம், இரண்டும் உண்மை. ஆனால் எண்ணெய் தண்ணீரைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நாற்காலிக் கைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது: இங்கே மேலே ஒரு குழி, கீழே ஒரு அடி, இரண்டும் நார் முனைகள். எண்ணெய்தான் வேண்டுமென்றால் பக்கங்களுக்கு எண்ணெய் போடுங்கள். அடிமுகத்தையும் விளிம்பின் மேல் முகத்தையும் மட்டும் எபாக்சியால் அடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எண்ணெய் தொடவும் சலிக்கக்கூடாது.

எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் காயும்போது சூடு விடும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

#12 ஞாயிறுதச்சு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஈட்டியில் செய்த கைப்பிடி, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி முடி இழை போன்ற ஒரு வெடிப்பு, 15 மி.மீ. நீளம். கொத்து 26, விளிம்பு 31. எபாக்சியில் ஒட்டியது. பூச்சு வெளியே நன்றாக இருக்கிறது. காரணம் என்ன, காப்பாற்ற முடியுமா?

#13 மரநார்

உங்கள் எண்களே பதில். 31ல் 26 போனால் சுவர் 2.5 மி.மீ. அதோடு, "பூச்சு வெளியே நன்றாக" என்கிறீர்கள். உள்ளே? துளையின் சுவரில் எபாக்சி முழுக்கச் சுற்றி வரவில்லை என்றால் முடி வழியாக இறங்கும் தண்ணீர் அந்த இடைவெளியில் தேங்கி, உள்சுவர் மட்டும் உப்பும். வெளிச்சுவர் பூச்சுக்குள் காய்ந்தே இருக்கும். மெல்லிய சுவருக்கு இந்த இழுபறி தாங்காது. வெடிப்பு துளையின் ஆழம்வரை போய் அங்கேயே நின்றிருந்தால் இதுதான் காரணம். துளையைத் தாண்டி இடுப்புவரை போயிருந்தால் மரம் சரியாக உலரவில்லை, அல்லது சோற்றை ஒட்டின துண்டு.

#14 அரமும்வாளும்

காப்பாற்றலாம். இரண்டு மூன்று வாரம் பயன்படுத்தாமல் காயவிடுங்கள். வெடிப்பு அப்போது நன்றாக விரியும், விரியத்தான் வேண்டும். தண்ணீர்போல் ஓடும் மெல்லிய சூப்பர் குளூவை வெடிப்பின் மேல்முனையில் துளித்துளியாக விட்டால் தானே உறிஞ்சி இறங்கும். முடிக்கு டேப் சுற்றிவிட்டுச் செய்யுங்கள், ஒரு துளி முடியில் ஏறினால் அந்தப் பகுதி குச்சியாகிவிடும். வெடிப்பை இறுக்கி மூட முயலாதீர்கள். உள்ளே எபாக்சி இருக்கிறது, மூடாது, பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். நிரப்ப மட்டும்தான் முடியும்.

அடுத்து விளிம்புக்கு 4 மி.மீ. கீழே அரத்தின் ஓரத்தால் முக்கால் மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் ஒரு பள்ளம் எடுத்து, பித்தளைக் கம்பியையோ மெழுகிட்ட நூலையோ இறுக்கிச் சுற்றி, மேலே எபாக்சி தடவிவிடுங்கள். அலங்காரம் போலவே இருக்கும். உளி, அரங்களின் மரப்பிடிக்குப் பூண் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

#15 புதுஉளி

ஒட்டும் முறை பாக்கி. எபாக்சியா, சிலிக்கோனா? ஐந்து நிமிட எபாக்சி போதுமா?

#16 நுரைக்கிண்ணம்

ஐந்து நிமிட வகை ஈரத்துக்குக் கொஞ்சம் பலவீனம், அதைவிட முக்கியமாகக் கொத்தை நேராக்க நேரம் தராது. 24 மணி நேரத்தில் இறுகும் வகையை எடுங்கள்.

உங்கள் துளைக்குத் தேவைப்படுவது 1 மில்லிகூட இல்லை. ஆனால் 1 மில்லியைக் கலக்காதீர்கள், அவ்வளவு சின்ன அளவில் விகிதம் தப்பும். தப்பினால் என்றைக்கும் ரப்பர்போலவே இருக்கும். 5 மில்லி கலந்து, மிச்சத்தை அடிமுகம் அடைக்கப் பயன்படுத்துங்கள்.

முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளாமல் அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டு இரண்டு முனையையும் வெளியே விடுங்கள், இழுத்தால் வந்துவிடும். முடி 52க்குக் குறைவாக நின்றால் அடியில் மரச்சில்லு ஒன்று வைத்து உயர்த்தலாம்.

பிறகு முடியைக் காகிதத்தால் சுருட்டி ரப்பர் போட்டுக் கட்டுங்கள். விளிம்பின் மேல் டேப். துளையின் சுவர் முழுக்க மெல்லிசாக எபாக்சி தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். நார் குடித்துக்கொள்ளும். மறுபடி ஒரு தடவல், அடிக்கட்டையின் பக்கங்களிலும் மெல்லிசாக. அடியில் ஒரு பட்டாணி அளவு மட்டும். அடியில் நிறைய ஊற்றினால் அழுத்தும்போது அது போக வழியில்லாமல் முடிக்குள் ஏறும், அங்கே இறுகினால் முடி விரியவே விரியாது. சுழற்றிக்கொண்டே இறக்கினால் காற்று வெளியேறும்.

#17 கடைசல்பட்டறை

அடிக்கட்டையோட பக்கத்துல அரத்தால நாலு செங்குத்துக் கோடு கீறிவிடுங்க. காத்துக்கும் மிஞ்சின பசைக்கும் அதுதான் வழி. வழுவழுன்னு இருக்கிற பிசினை எபாக்சி சரியா பிடிக்காது, கீறினா பிடிக்கும்.

சிலிக்கோன் பத்தி: கொத்தை நாளைக்கு மாத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு அது நல்லது. முறுக்கி இழுத்தா வந்துடும், மரம் உப்பினாலும் ரப்பர் கொடுத்துக்கும். ஆனா அதுக்குத் துளைச் சுவரை முன்னாடியே எபாக்சியால அடைச்சுக் காயவெச்சிருக்கணும். வெறும் மரத்துல சிலிக்கோன் நாளாவட்டத்துல உரியும், உள்ள தண்ணி நிக்கும். எபாக்சியில ஒட்டினதையும் எடுக்க முடியும், கொதிநீராவி காட்டினா இளகும், ஆனா பூச்சு போயிடும். அதே காரணத்துக்காகத்தான் பிரஷ்ஷைக் கொதிக்கிற தண்ணியில ஊறவெக்கக் கூடாதுங்கறது. கை பொறுக்கிற சூடு போதும், அதுவும் முடியோட நுனி பாதிவரைக்கும்தான்.

#18 ஞாயிறுதச்சு

எடை பற்றி ஒரு கேள்வி. தேக்கில் இந்த அளவுக்குக் கைப்பிடி வெறும் காற்றுபோல் இருக்காதா?

#19 மரநார்

இருக்கும். 55 உயரம், சராசரி 30 விட்டம் என்றால் சுமார் 39 கன செ.மீ., துளை போக 32. தேக்குக்கு 0.65 வைத்தால் 21 கிராம் வாக்கில் வரும். கொத்து மேலே ஈரத்தோடு கனக்கும்போது பிரஷ் தலைகுப்புறச் சாயப் பார்க்கும். அடியில் 20 மி.மீ. துளை 9 ஆழத்துக்குப் போட்டு, 20 விட்டத்தில் 8 மி.மீ. தடிமனுள்ள பித்தளை வில்லையை எபாக்சியில் பதித்தால் இன்னொரு 21 கிராம். மேல் துளையின் அடிக்கும் இதற்கும் நடுவே 55ல் 14ம் 9ம் போக 32 மி.மீ. கட்டி மரம் மிஞ்சும், பயமில்லை. இந்தத் துளையைப் பிடிகட்டை அறுத்த பிறகு போட வேண்டியிருக்கும். கைப்பிடியைத் தலைகீழாக ஒரு மரக்குச்சியில் செருகி, அந்தக் குச்சியை வைஸில் கடித்துக்கொள்ளுங்கள். ஈயம் வேண்டாம்.

#20 புதுஉளி

ஒட்டின பிறகு கொத்து நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்த்தால் முடி விரிந்திருப்பதால் தெரியவில்லை.

#21 அரமும்வாளும்

நிறுத்தி வைத்துக் கொத்தைப் பார்க்காதீர்கள், சுழற்றிப் பாருங்கள். சமதளக் கண்ணாடி மேல் கைப்பிடியை நிறுத்தி, முடியின் உச்சிக்கு நேராக ஒரு பென்சிலை ஏதாவது டப்பாவில் ஒட்டி அசையாமல் வையுங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுழற்றுங்கள். உச்சி பென்சிலைவிட்டு விலகி விலகி வந்தால் சாய்வு இருக்கிறது, விலகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். எபாக்சி தேன்பதத்துக்கு வரும்வரை கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் கொத்து தானாகவே சாய்ந்துகொள்ளும். நேரானதும் நகர்த்தாமல் அப்படியே ஒரு நாள் நிற்கட்டும். பிதுங்கின பசையைத் தேன்பதத்தில் இருக்கும்போதே பல்குச்சியால் வழித்துவிடுங்கள், இறுகின பிறகு அதை எடுக்கப் போனால் வார்னிஷும் கூடவே வரும்.